செவிடு என்று சொல்லி வைத்தேன்

என் மகளுக்குக் காது கேட்கும். நன்றாகவே கேட்கும். இரண்டு வீடு தள்ளி யாராவது மிக்ஸி போட்டால்கூடக் காதைப் பொத்திக்கொள்வாள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால், இவளுக்குக் காது கேட்காது என்று இரண்டு வருடம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான்.

சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பது என் வேலை. புருஷன் தேனிப் பக்கம் கட்டட வேலை பார்க்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். மகளுக்கு அப்போது பதினேழு வயது. பேச்சு கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தொட்டால் பிடிக்காது. ஏல இலையை நீளவாக்கில் நூல் நூலாகக் கிழித்துக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள். ஆட்டிசம் என்று ஒரு டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளி என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். கொண்டுபோய் விட்டு, காத்திருந்து, கூட்டி வர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வேலைக்குப் போகக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆள் இல்லை.

ஒரு வருடம் அவளை எங்கள் லயத்து வரிசை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். ஆமாம், பூட்டினேன். உச்சுக் கொட்டுகிறவர்கள் காலை ஏழு மணிக்கு வந்து என் வீட்டில் உட்காரட்டும். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் உள்பக்கப் பலகையெல்லாம் நகத்தால் கீறியிருப்பாள். விரல் நுனியில் ரத்தம் காய்ந்திருக்கும். ஒருநாள் அந்த விரல்களைக் கழுவிவிடும்போது, இனிப் பூட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். அப்படியென்றால் வேலைக்குக் கூடவே கூட்டிப் போக வேண்டும். அதற்கு ஜீப்பில் அவளுக்கு ஓர் இடம் வேண்டும்.

தோட்டத்துக்கு எங்களை ஏற்றிப் போவது ஜீப்புதான். பதினாலு பேர் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்காருவோம். முதலில் போன ஜீப்பில் உண்மையைத்தான் சொன்னேன். "புத்தி வளர்ச்சி கொஞ்சம் கொறவு, யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டா" என்றேன். இரண்டு நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒருத்தி ஆரம்பித்தாள்.

"கடிச்சுக் கிடிச்சு வச்சா யாரு பதில் சொல்றது?"

"இவ யாரையும் கடிச்சதில்ல."

"இனிமே கடிக்க மாட்டான்னு எழுதிக் குடுப்பியா? நான் முழுகாம இருக்கேன். இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே தெனமும் வந்தா எனக்கும் இப்படிப் பொறந்துட்டா?"

நான் அவளை என்ன திட்டினேன் என்பதை எழுத முடியாது. மறுநாள் ஜீப் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் வேறு தோட்டம், வேறு ஜீப். அங்கே ஏறும்போதே சொல்லிவிட்டேன்: "என் மகதான். காது கேக்காது." அவ்வளவுதான். "அச்சச்சோ" என்று நாலு பேர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேசுவதில்லை, சரியாகப் பொருந்திவிட்டது. காதைப் பொத்துகிறாளே என்று கேட்டவர்களுக்கு, "காதுக்குள்ள குத்துவலி" என்று இன்னொரு பொய். காது போனால் ஜனங்கள் பரிதாபப்படுவார்கள். புத்தி என்று சொன்னால் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள்.

பஞ்சாயத்து ஹாலில் ஒரு தடவை விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "பெற்றோர் இதை மறைக்கக் கூடாது, தைரியமாக வெளியே சொல்ல வேண்டும்" என்றார். டீயும் வடையும் கொடுத்தார்கள். அவர் சொந்தக் காரில் வந்திருந்தார். ஜீப்பில் வந்தவர் அப்படிப் பேசியிருந்தால் கேட்டிருப்பேன்.

இந்த இரண்டாவது ஜீப்பில் ஓர் அக்கா உண்டு. ஐம்பதைத் தாண்டியவள். சாதாரணமாகப் பேசினாலே அடுத்த மேட்டுக்குக் கேட்கும். செவிட்டுப் பிள்ளை என்று என் மகள்மேல் அவளுக்குத் தனிப் பிரியம். தினமும் காலையில் என் மகளின் காதுக்குள் குனிந்து, "தங்கம்! சாப்புட்டியா!" என்று கத்துவாள். மகள் உடம்பே குலுங்கி என் பக்கம் ஒடுங்குவாள். ஒருநாள் அக்காவின் முகத்தில் அறைந்தே விட்டாள். "குத்துவலிக்கா அவளுக்கு" என்றேன். "பாவம், பெத்த வகுறு என்ன பாடுபடும்" என்று அக்கா கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள். மறுநாள் இன்னும் பக்கத்தில் குனிந்து, இன்னும் சத்தமாகக் கத்தினாள். ஜீப்பில் இடம் போய்விடும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பொய் உடைந்த நாள் காலையிலேயே வனத்துறை வாட்சரிடமிருந்து போனில் தகவல் வந்திருந்தது. கீழே ஓடைப் பக்கம் மூன்று ஆனை, ஒன்று குட்டி. குட்டி இருந்தால் ஆனைக்குக் கோபம் அதிகம். வேலை வாங்கும் கங்காணி எங்களை மேல்பக்கத்தில் மட்டும் இறக்கினார். ஏலச்செடி ஆளைவிட உயரம். காய் இருப்பது செடியின் அடியில். குனிந்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். பத்தடி தள்ளி இருப்பவள் தெரிய மாட்டாள். அதனால் அடிக்கடி "ஊஊய்" என்று குரல் கொடுத்துக்கொள்வோம். ஆள் இருக்கிறது என்று ஆனைக்கும் தெரிய வேண்டும். சத்தம்தான் எங்களுக்குக் காவல்.

மகளை வழக்கம்போல ஒரு மரத்தடியில் பிளாஸ்டிக் சீட்டு விரித்து உட்கார வைத்திருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில், பக்கத்துத் தோட்டத்தில் நிழல்மரக் கொப்பு வெட்ட மோட்டார் வாளைப் போட்டார்கள். திடீரென்று அந்தச் சத்தம். நான் பையை எறிந்துவிட்டு ஓடினேன். சீட்டு மட்டும் கிடந்தது. ஒரு செருப்பும் கிடந்தது.

"பிள்ளையக் காணோம்" என்று நான் கத்தியதும் எல்லோரும் வந்துவிட்டார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நிமிடம்கூட யாரும் யோசிக்கவில்லை. பனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

"காது கேக்காத புள்ளைப்பா, நல்லா சத்தம் குடுங்க!" என்றார் கங்காணி. "குத்துவலி இருக்குன்னா கொஞ்சமாச்சும் கேக்கும். டேய், ஜீப்பு ஹாரன அடி!"

டிரைவர் ரோட்டில் நின்ற ஜீப்பில் ஏறி ஹாரனை விடாமல் அழுத்தினார். ஒருத்தி பக்கெட்டைக் கல்லால் தட்டினாள். அக்கா "தங்கம்! தங்கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். என் மகள் எங்கே ஒளிந்திருந்தாலும் ஒவ்வொரு சத்தமும் அவளை இன்னும் தூரத்துக்கு விரட்டும். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

நானும் கத்தினேன்.

பயத்தில் கத்தினேன் என்று எழுதலாம். எழுத மாட்டேன். சத்தம் போடாதீர்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் நாளைக்கு ஜீப் நிற்காது. பிள்ளையைக் காணவில்லை, நான் ஜீப்பை நினைத்தேன். மறுபடி கதவைப் பூட்டுவதை நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படிக் கத்தினேனோ தெரியாது. ஐந்து நிமிடம் இருக்கலாம், பத்தும் இருக்கலாம்.

பிறகு கீழே இறங்கும் தடத்தில் கிழித்த இலை நூல்களைப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி இன்னும் கொஞ்சம். அதற்குப் பிறகு கிழிக்காத முழு இலை, கசக்கி எறிந்தது. அவள் இலையை எறிந்துவிட்டால் இரண்டு கையும் காதுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். தடம் ஓடைக்குப் போகிற தடம்.

"நிறுத்துங்க! எல்லாரும் வாய மூடுங்க!"

கங்காணி என்னை முறைத்தார். "என்னம்மா?"

"அவளுக்குக் காது கேக்கும். செவிடு இல்ல. மூளை வளர்ச்சியில கோளாறு. சத்தத்துக்குத்தான் ஓடுறா. நாமதான் வெரட்டுறோம்."

மோட்டார் வாளும் எப்போதோ நின்றுபோயிருந்தது. ஹாரன் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ ஓடிப்போய் டிரைவரை நிறுத்தச் சொன்னார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"செவிடுன்னு சொன்னியேடி" என்றாள் அக்கா. "ரெண்டு வருசமா அவ காதுக்குள்ள கத்துறேனேடி பாவி. பாத்துக்கிட்டே இருந்தியே."

"ஆமா."

"கீழ ஆனை நிக்குது" என்றார் கங்காணி. "சத்தம் போடாம இறங்கச் சொல்றியா? என் ஆளுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நான் யாரையும் அனுப்ப மாட்டேன். வாட்சருக்குப் போன் போடுறேன், அவுங்க வரட்டும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பனியில் சத்தமில்லாமல் நடந்தால் ஆனை மேலேயே போய் முட்டிக்கொள்வோம். நான் இறங்கினேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் பின்னால் ஆள் வருவது தெரிந்தது. அக்கா. பூட்சைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"பேசாத, நட" என்றாள். அவளுக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இறங்க இறங்க ஆனைச் சாண வாடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில் முறிகிற சத்தம், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். இந்தப் பக்கம் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குக் கட்டிய ஒரு தகரக் கொட்டகை. அதன் சுவருக்கும் பாறைக்கும் நடுவில் இருந்த சந்தில் என் மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் காதில். கண் இறுக்கி மூடியிருந்தது.

அக்கா சட்டென்று கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். "தொடாதக்கா. தொட்டா கத்துவா."

"பின்ன என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. உக்காரணும். அவளாத்தான் எந்திரிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது."

அக்கா ஓடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்னென்னமோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டு, ஈரத்தில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். மூங்கில் முறியும் சத்தம் ஒருமுறை நின்றது. நின்றபோதுதான் அதிகம் பயமாக இருந்தது. அக்காவின் கால்விரல் இடுக்கில் இரண்டு அட்டை ஏறி ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது, அவள் அசையவில்லை. குட்டி ஒருதடவை குரல் கொடுத்தது. மகள் தலையை முட்டிக்குள் புதைத்தாள். மறுபடி முதலிலிருந்து காத்திருந்தோம்.

கடைசியில் அவள் ஒரு கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுகையையும் எடுத்தாள். எழுந்து, என் தலையில் கட்டியிருந்த துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் ஏறினோம்.

ரோட்டுக்கு வந்ததும் கங்காணி, "நாளையிலேருந்து இவளக் கூட்டிட்டு வராத" என்றார்.

ஜீப்பில் ஒருத்தி என் முகத்துக்கு நேரே, "நீ சொன்ன பொய்யினால எங்க உசிரும்ல போயிருக்கும்" என்றாள்.

"உண்மையச் சொல்லியிருந்தா ஏத்தியிருப்பீங்களா? சொல்லுங்க. யாராவது ஒருத்தி சொல்லுங்க."

அக்கா மட்டும், "ஏத்தியிருக்க மாட்டோம். அதுக்காக நீ செஞ்சது சரியாயிருமா? வாய மூடிட்டு வா" என்றாள்.

மறுநாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்தில்தான் நின்றேன். வேறு எங்கே நிற்பது? டிரைவர் நிறுத்தினார், ஆனால் ஏறச் சொல்லவில்லை. நான் பின்பக்கம் போய் நின்று எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். இவளுக்கு ஆட்டிசம். இது ஒட்டாது, பார்த்தால் வராது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், ஆனால் கேட்கும். தொடாதீர்கள். பக்கத்தில் கத்தாதீர்கள். காணாமல் போனால் கத்தித் தேடாதீர்கள். இவளுக்கு ஒரு திறமையும் கிடையாது, அதை எதிர்பார்த்து ஏற்றாதீர்கள். இலை கிழிப்பாள், அவ்வளவுதான். மேடையில் பேசியவர் மாதிரி நயமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. சண்டை போடுகிற குரலில்தான் சொன்னேன்.

மூன்று பேர் இறங்கி வேறு ஜீப்புக்குப் போனார்கள். அதில் ஒருத்திக்குக் கைப்பிள்ளை இருந்தது. மற்றவர்கள் இறங்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அக்காதான், "என்ன வேடிக்கை பாக்குற, ஏறு. மழை வருது" என்றாள்.

தோட்டத்து வாசலில் கங்காணி நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் வாயைத் திறக்குமுன் அக்கா இறங்கி அவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகப் பேசினாள். அவர் திரும்பி வந்து, "பக்கத்துல வச்சுக்க. கண்ண விட்டு விலகக் கூடாது. ஒரு வாரம் பாப்போம்" என்றார்.

அந்த ஒரு வாரம் முடிந்துவிட்டது என்று இதுவரை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.