அட்டையில் எழுதாத வருத்தம்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மருந்தகத்தில் மருந்தாளராக இருந்தேன். புரோப்ரனலோல் குளிசை கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்பேன்: நாடி மெதுவாக அடிக்கிறதா, சீனி வருத்தம் எனும் நீரிழிவு உண்டா, தொய்வு எனும் ஆஸ்துமா உண்டா. பிரஷரைத் தணிக்கும் அந்தக் குளிசை, தொய்வுக்காரரின் மூச்சுக் குழாய்களை இறுக்கிவிடும்.

சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் கருவாடு போடும் அம்மா ஒருவர் மூன்றுக்கும் "இல்லை மகள்" என்றார். கூட வந்த அவருடைய தங்கச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டாள். அதைக் கண்டும் நான் மேலே கேட்கவில்லை, வரிசை நீண்டிருந்தது. குளிசைகளைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை தங்கச்சி தனியே வந்தாள்.

"அக்காவுக்கு மூச்சு இழுக்குது, மிஸ். தொய்வுக் குளிசை ரெண்டு தாங்கோ."

"தொய்வு இல்லையெண்டல்லோ சொன்னவ?"

"அது அம்மன் மாத்தினது. நேர்த்தி வைச்சுத் தீ மிதிச்சு நாலு வருசம் இழுக்கேல்ல. இருக்கெண்டு வாயால சொன்னால் திரும்பி வந்திடுமாம்."

அவளோடு சல்லிக்குப் பஸ் ஏறினேன். அம்மா முழங்காலில் கையூன்றிக் குனிந்திருந்தார். ஒரு மூச்சுக்கு ஒரு சொல்தான் வந்தது. மார்பின் விசில் சத்தம் குறைந்துகொண்டிருந்தது. சுகம் வருகிறதென்று தங்கச்சி நினைத்தாள். எனக்குத் தெரியும்: காற்றுப் போகாத மார்பு சத்தமும் போடாது.

மீன் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசியும் ஒட்சிசனுமாக இரண்டு நாள். பிழைத்தார். டாக்டர் வேறு குளிசை எழுதினார். நான் அவருடைய கிளினிக் அட்டையில் சிவப்பு மையால் எழுதினேன்: தொய்வு உண்டு, புரோப்ரனலோல் கொடுக்கக் கூடாது.

"இதை வெட்டி விடுங்கோ, மகள்."

"ஏலாது, அம்மா."

"எழுதி வைச்சால் வருத்தம் விலாசம் பார்த்து வந்திடும்."

அவர் சண்டை பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே அட்டையை மடித்துச் சேலையில் செருகினார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. தங்கச்சி இருமல் மருந்து வாங்க வந்தபோது விசாரித்தேன்.

"அக்கா நிலாவெளிக் கிளினிக்கில புது அட்டை போட்டிட்டா, மிஸ்."

"அதில தொய்வெண்டு எழுதியிருக்கோ?"

"இல்லை. பிரஷர் மட்டும்தான்."

"என்ன குளிசை குடுத்தவை?"

"நீங்கள் முதல் தந்ததுதான். பேரைப் பார்த்தனான்."

"எப்ப தொடங்கினவ?"

"இண்டைக்குக் காலமை."

இருமல் மருந்து யாருக்கென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மருந்தகத்து யன்னலைச் சாத்திவிட்டு அவளோடு இறங்கினேன். சல்லிக்கு அடுத்த பஸ் பதினொரு மணிக்கு.