எனக்குப் பதிலாக அழுதவர்

செஞ்சியில் எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்த வருஷம் அது. என்னோடு கடலை மண்டியில் மல்லாட்டை உடைக்கும் ரோசம்மா அக்கா, ஆபரேஷனுக்குத் திண்டிவனம் புறப்படும்போது, "எனக்காக ஜெபம் பண்ணும்மா" என்றார். "பண்றேங்க்கா" என்றேன், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. அத்தோடு மறந்தும் போனேன்.

பத்தாம் நாள் பிழைத்து வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சு மூணு நாளும் என் கட்டில்கிட்ட முட்டி போட்டுக்கினு அழுதியே. இதே கிழிஞ்ச பச்சப் புடவதான். ஏம்மா ஒரு தபாகூட மூஞ்சத் திருப்பிக் காட்டல?"

நான் செஞ்சியைத் தாண்டவே இல்லை.

இப்போதெல்லாம் யாராவது ஜெபிக்கச் சொன்னால், சந்தைக் கூட்டமானாலும் அங்கேயே முட்டி போட்டுவிடுகிறேன். எனக்குப் பதிலாக அழுதவரை இன்னொரு முறை அழவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.