நித்யா ஆடாத மூவ்

போன சனிக்கிழமை பிடோக்கிலிருந்து எம்ஆர்டி ரயிலில் தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். கையில் வழக்கம்போல போன், அதில் ஒரு செஸ் ஆப்பின் புதிர். காப்பி இல்லாமல்கூட இருந்துவிடுவேன், இது இல்லாமல் எனக்குப் பொழுது போகாது... உங்களுக்குத் தெரியாததா?

அந்த ஆப்பில் வருவதெல்லாம் நிஜ ஆட்டங்கள். யாரோ இருவர் ஆடியது. அதில் ஒருவர் தவறவிட்ட மூவை நாம் கண்டுபிடிக்க வேண்டும். 'கறுப்பு ஜெயிக்க வேண்டும்' என்றது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ராணியைப் பலி கொடுத்தால், அடுத்தது குதிரையால் செக்மேட். பச்சை டிக் விழுந்தது. இதைப் போய்க் கோட்டை விட்ட மண்டு யார் என்று கீழே பெயரைப் பார்த்தேன்.

கறுப்பு — திருச்சி நித்யா. வெள்ளை — நான்.

நித்யா என் வீட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த பெண். ஷிப்யார்டில் இன்ஜினியர். வேலை முடிந்து வந்ததும் பையைக்கூட வைக்க மாட்டாள். "அக்கா, ஒரு கேம் லா" என்பாள். முக்கால்வாசி அவள்தான் ஜெயிப்பாள். ஜெயித்துவிட்டு என் காப்பியையும் குடிப்பாள்.

கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குக் கிளம்பிய அன்று, சாங்கி ஏர்போர்ட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போனில் இதே ஆப்பில் ஆடினோம். அவள் உள்ளே போக நேரமாகிவிட்டது. பாதியில் நின்ற அந்த ஆட்டம்தான் இப்போது புதிராக வந்திருந்தது.

நான் புதிர் பக்கம் போனதே அதற்கப்புறம்தான். எதிரே ஆள் வேண்டாம் பாருங்கள். ஜெயிக்க வழி இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லியும் விடுவார்கள். கூட இருக்கிறவர்களின் அருமையை அப்படி யார் சொல்கிறார்கள்? சாயங்காலமானால் இன்னமும் என் காது கதவுப் பக்கம்தான் இருக்கிறது.

ரயிலை விட்டு இறங்கியதும் படத்தை அனுப்பிவிட்டு போன் போட்டேன்.

"என்னடி, இவ்வளவு ஈஸியான செக்மேட்டைப் பார்க்கலையா?"

"பார்த்தேன்க்கா."

"அப்புறம் எதுக்கு யானையை இங்கேயும் அங்கேயும் நகர்த்திட்டிருந்தே?"



"ஆடியிருந்தா கேம் முடிஞ்சிருக்கும்ல. எனக்கு எழுந்து போகப் பிடிக்கலக்கா."

மீன் கடை வாசல் வரை வந்துவிட்டேன், என்ன வாங்க வந்தேன் என்று ஞாபகமில்லை.

ஆப் எனக்கு டிக் போட்டது இருக்கட்டும்... என் கணக்கில் அந்த யானைதான் சரியான மூவ்.