பரசுராமனும் வீடியோ மாமாவும்

ரயில் அரக்கோணம் போய்ச் சேர்வதற்குள், தன் வீட்டில் நடந்ததாக ஓர் அவமானத்தை எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பரசுராமன் சொல்லி முடித்துவிடுவார். அத்தனையும் கற்பனை. கேட்டவர் சிரித்தால் அது தொலைக்காட்சிக்குப் போகும். "பாவம்ங்க நீங்க" என்று பரிதாபப்பட்டால் அன்றோடு கைவிட்டுவிடுவார். சொல்லும்போது அவர் முகத்தில் இழவு வீட்டுக் களைதான் இருக்கும்.

வயது ஐம்பத்தைந்து. வசிப்பது திருத்தணி. சென்னையில் ஒரு தொலைக்காட்சியின் வாராந்தர நகைச்சுவை நிகழ்ச்சிக்கு இருபது வருடமாக எழுதுகிறார். இந்தத் தொழில் கிடைத்ததே ஓர் ஆடிக்கிருத்திகை அன்றுதான். முருகன் கோயிலில் காணாமல் போனவர்களை மைக்கில் அறிவிக்கும் பொறுப்பு அவருக்கு. கணவனைத் தொலைத்த ஓர் அம்மாள் எழுதிக் கொடுத்த அடையாளம்: மொட்டை, தலையில் சந்தனம். படித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். "யம்மா, இந்த அடையாளத்துல இங்க ஆயிரம் பேரு நின்னுகினு இருக்காங்க. எது புடிக்குதோ இட்டுகினு போங்க." மொட்டைகள் எல்லாம் சிரித்தன. அவற்றில் ஒன்று தொலைக்காட்சித் தயாரிப்பாளருடையது.

சென்ற மாதம் அவருக்கே ஒரு சங்கடம் வந்தது. எவர் கல்யாணம் ஆனாலும் வீடியோவில் முதலிலிருந்து கடைசிவரை மணமக்களுக்கு நடுவே நிற்கும் ஓர் ஆளை வைத்து எழுதியிருந்தார். ஒளிபரப்பான மறுநாளே, மனைவி சுதாவின் தம்பி எல்லப்பனுக்குப் பொதட்டூர்பேட்டையில் 'வீடியோ மாமா' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர், "தேவயானி கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லியனுப்பினார். ஒரே மகளின் கல்யாணத்தில் தாய்மாமன் இல்லையென்றால் எப்படி? சுதா கணவரோடு பேச்சை நிறுத்தினாள். பரசுராமன் பஸ் ஏறினார்.

எல்லப்பன் தன் வீட்டுத் தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திட்ட ஆரம்பித்தார். தறி ஓட்டுகிற நான்கு பேரும் வேடிக்கை பார்த்தார்கள்.

"தப்புதான் எல்லப்பா. மன்னிச்சிக்க. நீ வரலன்னா கொழந்த மணையில உக்கார மாட்டேங்குது" என்றார் பரசுராமன். குரல் நிஜமாகவே உடைந்தது.

எல்லப்பன் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"வரேன், வராம எங்க போறேன். ஊரு கிண்டல் பண்றதக்கூட வுடு பாவா. என்னாட்டம் நடிக்க அந்த நோஞ்சான்தான் கெடச்சானா? நான் நின்னா மாப்ள தெரியமாட்டான். அவன் நின்னா பின்னால இருக்கிற சேரு தெரியுது."

தறிக்காரர்கள் நால்வரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பரசுராமன் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு, சிரிப்பு எத்தனை நொடி நிற்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.