ஈறு தெரியச் சிரிக்கும் உரிமை

அடுத்தவர் பல்லைப் பார்த்துச் சோறு தின்கிற தொழில் பல் ஆஸ்பத்திரி வேலை. மாதச் சம்பளத்துக்குக் கைகட்டி நிற்கும் தோழர்களே, இதில் நம் முகமும் முதலாளியின் சொத்து.

கண்ணாடி

நான் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு அங்கே பல்வலிக்காரர்களைவிட ஈறைக் குறைக்க வருகிறவர்கள் அதிகம். சிரித்தால் ஈறு ரொம்பத் தெரிகிறதாம். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறின் ஓரத்தை லேசரால் வளைவாகச் சீவிவிடுவார். பல் நீளமாகத் தெரியும். முடிந்ததும் கண்ணாடியை நீட்டுவது என் வேலை. எலெக்ட்ரானிக் சிட்டி கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்த ஓர் இளைஞன் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எங்க மேனேஜர் எங்க சிரிக்க விடறாரு?"

விளம்பரம்

கவுன்ட்டரில் இருந்தது ஜீவனஹள்ளி சகாயமேரி. அவள் சிரித்தால் மேல் ஈறு முழுக்கத் தெரியும். அழுதுகொண்டு வரும் குழந்தைகள் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அடங்கும். டாக்டருக்கோ அது தொழிலைக் கெடுக்கும் விளம்பரம். ஒருநாள் கூப்பிட்டு, இலவசமாக ஈறைச் சீவிக்கொள், இல்லையென்றால் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார், இரண்டும் முடியாதென்றால் வேறு இடம் பார் என்றார். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இருந்தும் கேட்டாள்: "வலிக்கிற பல்லைப் புடுங்குங்க டாக்டர், வலிக்காத ஈறை எதுக்கு வெட்டணும்?"

மாஸ்க்

மறுநாள் அவள் மாஸ்க்குக்குள் இருந்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் சிவந்திருந்தது. மில்லில் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு மிஷின் ஓட்டியவன் நான். வேலையை நிறுத்தாமலே முதலாளியின் தூக்கத்தை நிறுத்தும் வழியைத் துண்டுப் பிரசுரங்களில் படித்தவன், எழுதியும் கொடுத்தவன். நானும் மாஸ்க் மாட்டினேன். கூட்டிப் பெருக்கும் பாப்பம்மாவுக்கும் ஒன்று கொடுத்தேன். "மேரிக்குன்னா சரிண்ணா" என்று கட்டிக்கொண்டாள். வாசலிலும் கவுன்ட்டரிலும் யாரும் மாஸ்க் போடாத காலம் அது. மகளோடு வந்த ஒரு கல்யாண வீட்டு அம்மாள் எங்கள் மூவரையும் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார்: "பேட, பேட! வேணாம், உள்ள வராதேடி, இங்க எல்லாருக்கும் ஏதோ ஒட்டிக்கிற வியாதி!"

பேச்சுவார்த்தை

ஒட்டுவியாதி என்ற பேச்சு பரவி, ஒரு வாரம் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். மேரி கழற்றினால் நாங்களும் கழற்றுவோம் என்று மட்டும் சொன்னேன். மில்லில் பேச்சுவார்த்தை என்றால், எங்களோடு கோஷம் போட்ட தலைவர்களே பின்வாசல் வழியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். இந்த ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் இல்லை. டாக்டர் கவுன்ட்டருக்கே நடந்து வந்து, "கழட்டும்மா மேரி. உன் வேலை உனக்குத்தான். ஈறைப் பத்தி இனி பேச மாட்டேன்" என்றார். மேரி முழு ஈறும் தெரியச் சிரித்தாள். நான் என் மாஸ்க்கைக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனேன். பாப்பம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்: "தூக்கிப் போடாதண்ணா. அடுத்தது, நாளெல்லாம் நின்னே சாகற நமக்கு ஸ்டூலு கேக்கணும்!"

வருஷக்கணக்கில் கோஷம் போட்டு மில்லில் தோற்றவன், வாயைக் கட்டிக்கொண்டு ஒரு வாரத்தில் ஜெயித்தது எல்லோரும் வாயைத் திறக்க வருகிற இடத்தில்தான்.