மூக்கால் பேசும் அம்மா

எங்கள் தையல் கூடத்தில் என் அக்காவுக்கு டீச்சர் என்று பெயர். பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவள்தான். ஆனால் நாங்கள் பட்டன் தைத்து, காஜா எடுத்துக்கொண்டிருக்க, அவள் நடுவில் உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசிப்பாள். அவள் பங்குச் சட்டைகளை நாங்களே பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவோம். கைதானே வேலை செய்கிறது, காது சும்மாதானே இருக்கிறது.

எத்தனை புத்தகம் மாற்றினாலும் கடைசியில் எல்லாரும் கேட்பது அந்தப் பழைய நாவலைத்தான். பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி வண்டியோட்டியைக் காதலிக்கிறாள்; அவளுடைய அம்மா குறுக்கே நிற்கிறாள். காதலர்களைவிட எங்களுக்கு அந்த அம்மாவைத்தான் பிடிக்கும். அவள் பேசும் இடம் வந்தால் அக்கா முகவாயைத் தூக்கிக்கொண்டு மூக்கால் வாசிப்பாள்: “அவன் நல்லவனாகவே இருக்கட்டும். நாலு பேர் முன்னால் அவனை யாரென்று சொல்லி உட்கார வைப்பேன்?” ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்போம். மூலையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும் இஸ்திரிக்காரருக்கும் தோள் குலுங்கும். “இவள்லாம் ஒரு அம்மாவா? வெளங்குவாளா?” என்று திட்டிவிட்டுத்தான் அக்கா அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள்.

அக்கா மகள் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள். சாயங்காலம் அம்மாவைக் கூட்டிப்போக வருவாள். வாசிப்பு முடியும்வரை இஸ்திரி மேசைப் பக்கம் நின்று கதை கேட்பாள். கதை மட்டும்தான் கேட்கிறாள் என்று நினைத்த நாங்கள் வடிகட்டிய முட்டாள்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அக்கா வீட்டில் இருந்தபோது, இஸ்திரிக்காரரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். தானே தேய்த்த சட்டையின் மடிப்புக் கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்கா தேநீர் வைத்தபோது, “உங்களுக்கு எதுக்கு சிரமம், அத்தை” என்றார். தினமும் டீச்சரம்மா என்று கூப்பிடுகிற வாய். அந்த ‘அத்தை’க்கு எவ்வளவு ஒத்திகை பார்த்தாரோ.

அக்கா முகம் சிறுத்துவிட்டது. அவர் அங்கே இல்லாத மாதிரி மகளைப் பார்த்துச் சொன்னாள்:

“அவர் நல்லவராவே இருக்கட்டும்டி. நாலு பேர் முன்னாடி யாருன்னு சொல்லி உக்கார வைப்பேன்?”

எனக்கு உடம்பே கூசிவிட்டது. மகள் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. “மூக்கால பேச மறந்துட்டியேம்மா” என்றாள். அவர் எழுந்து, குடிக்காத கோப்பையைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே போனார்.

“நீ வந்தாலும் வராட்டியும் கல்யாணம் நடக்கும்மா.” சொல்லிவிட்டு மகளும் பின்னாலேயே போய்விட்டாள்.

“என் வாயிலயா அது வந்துச்சு?” என்று அக்கா என்னிடம் கேட்டாள். வேறு யார் வாயில் வந்தது என்று நான் கேட்கவில்லை, தங்கை ஆயிற்றே. அவமானத்தில் அவள் கண்ணாடி பக்கம்கூடப் போகவில்லை.

மறுநாள் கூடத்தில் நாவல் விட்ட இடம், பாழாய்ப்போன அந்த அம்மா பேசும் இடமேதான். எல்லாரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அக்காவுக்கு ‘நல்லவனாகவே இருக்கட்டும்’ என்பதற்கு மேல் குரல் வரவில்லை.

“என்ன டீச்சர், ஜலதோஷமா?” என்றாள் பட்டன்காரி.

அக்கா புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். “மிச்சத்த நேத்து எங்க வீட்லயே சொல்லிட்டேன். அவர்கிட்டயே.” மூலையைக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து நின்றாள். “இப்ப நாலு பேர் முன்னாடி சொல்றேன். அவர் எங்க வீட்டு மாப்பிள்ளை.”

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவர் திரும்புவார் என்று காத்திருந்தோம். எங்களைவிட அக்கா காத்திருந்தாள்.

“வேல கெடுது. மிச்சத்தப் படிங்க, டீச்சரம்மா” என்றார், திரும்பாமலே.

அக்கா உட்கார்ந்து புத்தகத்தை நிமிர்த்தினாள். அந்த வரியை முதலிலிருந்து, தன் சொந்தக் குரலிலேயே வாசித்தாள்.