லெட்சுமியின் பூச்சி கேம்

போன வாரம் கிள்ளானில் ரயில் ஏறிக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர். ஆயுசுக்கும் ஒரே ஒரு கேம்தான் ஆடலாம் என்றால் எதை எடுப்பாய் என்று சண்டை. தீரவில்லை. என் பக்கம் திரும்பினார்கள்.

“ஆன்டி, நீங்க சொல்லுங்க. ஒன்னே ஒன்னுதான்.”

“பூச்சி சுடுற கேம்,” என்றேன்.

சிரித்தார்கள். சிரிக்கட்டும். நரைத்த தலை இப்படிப் பேசினால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பதில் என்னுடையது இல்லை. லெட்சுமியுடையது.

ரயிலில் ஏசி அதிகம். குளிர் பட்டாலே எனக்கு ஃபேக்டரி ஞாபகம். எண்பதுகளில் ஷா ஆலாம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இருந்தேன். அரிசியை விடச் சின்ன சிப்பில் தலைமுடியை விட மெல்லிய கம்பியை ஒட்ட வேண்டும். எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் கண். லெட்சுமி பக்கத்து மெஷின். ஜெஞ்சாரோம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வருவாள்.

காலை ஷிப்ட் முடிந்ததும் ஃபேக்டரி பஸ் எங்களைக் கிள்ளானில் இறக்கிவிடும். வீட்டு பஸ் வர ஒரு மணி நேரம். நல்ல வெயில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் ஒரு வீடியோ கேம் கடை. ஏசி இருக்கிறதே என்று ஏறினோம். லெட்சுமி மாட்டிக்கொண்டாள்.

உள்ளே சிகரெட் வாடை. எங்கள் மேல் ஃபேக்டரி மருந்து வாடை. பொம்பளைகள் நாங்கள் இருவர்தான்.

“அக்கா, வீட்டுல சமையல் இல்லையா?” என்றான் ஒருவன்.

“இருக்கு. நீ போய் ஆக்கு,” என்றாள் லெட்சுமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் நாளுக்கு ஒரு மெஷின். கார் ஓட்டிச் சுவரில் மோதுவேன். குங்ஃபூ ஆடி உதை வாங்குவேன். அவளுக்கு ஒரே மெஷின். மேலிருந்து பூச்சிகள் வரிசையாக இறங்கும். சுட வேண்டும். ஒரு கூட்டம் தீர்ந்தால் அடுத்த கூட்டம்.

“வேற ஏதாச்சும் ஆடேன்டி.”

“எதுக்கு? மத்ததுக்கெல்லாம் ஒரு முடிவு இருக்கு. இதுக்குக் கிடையாதுலா. ஆயுசுக்கும் இது ஒன்னு போதும் எனக்கு.”

ஒரு டோக்கனில் பஸ் வரும்வரை ஆடுவாள். ஆண்பிள்ளைகள் பின்னால் நின்று பார்ப்பார்கள். பிறகு ஒரு வருஷம் அவள் சீக்கிரமே தோற்க ஆரம்பித்தாள். இடது ஓரத்துப் பூச்சிதான் ஒவ்வொரு முறையும் அவளை முடித்தது. பட்டன் சரியில்லை என்றாள். கடைக்காரர் மெஷினைத் திறந்து பார்த்தார். பட்டன் நன்றாகத்தான் இருந்தது.

அன்று பஸ் ஸ்டாண்டில் சொன்னாள்.

“இந்தப் பக்கம் இருட்டா இருக்குடி. கொஞ்ச நாளா.”

ஃபேக்டரியில் வருஷத்துக்கு ஒரு தடவை கண் டெஸ்ட். சுவரில் எழுத்து அட்டை. ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு கீழ் வரிவரை படிக்க வேண்டும். தவறினால் வேலை போய்விடும். அடுத்த வாரம் டெஸ்ட்.

“வேலை போச்சுன்னா எங்கப்பா அடுத்த மாசமே மாமன் மவனுக்குக் கட்டி வச்சிருவாரு. குடிச்சா அவன் கை நீட்டுவான். ஒனக்குத் தெரியும்ல?”

எனக்குத் தெரியும்.

டெஸ்டில் என் முறை முதலில் வந்தது. எனக்கு ஆறாம் வகுப்புப் படிப்பு. இங்கிலீஷ் எழுத்தே தடுமாறும். ஆனால் அந்தக் கீழ் மூன்று வரியை மனசில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அவளுக்குப் பாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் அவளும் பாஸ். கடையில் சுடச்சுட ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தாள். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷமும் அதே அட்டை. அதே பாட்டு.

கேம் கடைக்கு மட்டும் அவள் ஏறுவதில்லை. கீழே படியில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், “சலிச்சுப் போச்சு,” என்பாள். நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

அதற்கப்புறம் ஒரு நாள் ஃபேக்டரிப் படியில் கால் தவறி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் தமிழர். கண்ணில் விளக்கடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம், நரம்பு செத்துவிட்டது, போன பார்வை திரும்பாது, மிச்சமும் நிற்காது என்றார்.

“முன்னாடியே வந்திருந்தா மருந்துலயே நிறுத்தியிருக்கலாம்மா. ஃபேக்டரில டெஸ்ட் பண்ணலையா?”

“பண்ணாங்க டாக்டர். பாஸ்தான்,” என்றாள் லெட்சுமி.

அவர் என்னைப் பார்த்தார். சும்மாதான் பார்த்திருப்பார். நான் தரையைப் பார்த்தேன்.

லெட்சுமி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுடைய அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. கண் தெரியாதவள் வேண்டாம் என்று மாமன் மகன் போய்விட்டான். அந்த ஒன்றில் மட்டும் நாங்கள் ஜெயித்தோம்.

தம்பி வீட்டில் இருந்தாள். தீபாவளிக்குப் போய்ப் பார்ப்பேன். ஒரு தடவை, “அந்த டெஸ்டு…” என்று ஆரம்பித்தேன்.

“தேத்தண்ணி ஆறுது. குடி,” என்றாள்.

ஃபேக்டரி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கேம் கடை இருந்த மாடியில் டியூஷன் சென்டர் வந்தது. அதுவும் போய்க் கதவு பூட்டிக் கிடக்கிறது. டாக்டருக்கு அப்போதே தலை நரைத்திருந்தது. இருக்க மாட்டார். லெட்சுமி போய் ஏழு வருஷம்.

அந்த எழுத்தைப் படித்தது நான்தான், டாக்டர்.

இப்போது சொல்ல வாய் வருகிறது. கேட்க வேண்டியவர்கள் ஒருத்தரும் இல்லை.